மஞ்சப்பையோடு பிரிண்டர் வாங்கப் போங்கள்: அலுவலக ஆல்-இன்-ஒன் மெஷினைச் சோதித்து வாங்க ஒரு வழிகாட்டி

ஒரு செப்டம்பர் மாதம், மூன்றாவது வாரம். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கு 30ஆம் தேதி கெடு. திருப்பூரில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு பனியன் கம்பெனியின் வங்கிக் கணக்கு விவரத்தை ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. 130 தாள், இரண்டு பக்கமும் அச்சு. மெஷின் புதுசு, வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. மேலே தாள்களை அடுக்கிப் பட்டனைத் தட்டினோம். கடகடவென்று எல்லாவற்றையும் இழுத்துத் தள்ளியது. பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தால் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படைப் பக்கங்கள் மட்டும் இருந்தன. அச்சடிக்கும்போது இரண்டு பக்கமும் அடிக்கிற மெஷின், ஸ்கேன் எடுக்கும்போது ஒரு பக்கத்தைத்தான் படிக்குமாம். விற்றவர் ‘டூப்ளெக்ஸ் உண்டு சார்’, அதாவது இரண்டு பக்கமும் உண்டு என்று சொன்னதில் பொய் இல்லை. எதில் டூப்ளெக்ஸ் என்று நாங்கள்தான் கேட்கவில்லை.

அந்த மாதம் முழுக்க எங்கள் பையன்கள் தாளைத் திருப்பித் திருப்பி வைத்து, இரண்டு பிடிஎஃப்களைக் கோர்த்து உட்கார்ந்திருந்தார்கள். அப்புறம் அலுவலகத்துக்கு இன்னும் இரண்டு மெஷின்கள் வாங்கினோம். கேட்ட சில வாடிக்கையாளர்களுக்கும் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கடைக்கு ஒரு மஞ்சப்பை நிறைய எங்கள் தாள்களை எடுத்துக்கொண்டுதான் போனேன். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்ற கணக்கு. அதனால் நாங்கள் ஒரு நாளும் கஷ்டப்பட்டதில்லை. கஷ்டப்பட்டதெல்லாம் ஸ்கேனரால், டோனர் (லேசர் மெஷினின் மைப்பொடி) விலையால், வராத மெக்கானிக்கால்.

முதலில் பழைய மெஷினிடம் கேளுங்கள்

கடைக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். பெரும்பாலான மெஷின்களில் மெனுவுக்குள் போய் ‘ரிப்போர்ட்’ என்ற இடத்தில் தட்டினால், இதுவரை எத்தனை பக்கம் ஓடியது என்று ஒரு தாள் அடித்துத் தரும். மாதத்தின் முதல் நாள் ஒன்று, கடைசி நாள் ஒன்று எடுத்துக் கழித்துப் பாருங்கள். பிரிண்ட், காப்பி, ஸ்கேன் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் மெஷினாக இருந்தால் இன்னும் நல்லது. அந்த வசதி இல்லாத பழைய மெஷின் என்றால் பேப்பர் வாங்கிய பில்களை எடுங்கள். ஒரு ரீம் 500 தாள். கணக்கு தானாக வந்துவிடும்.

எங்களுக்கு வந்த கணக்கு: சாதாரண மாதம் 3,500 பக்கம், செப்டம்பரில் மட்டும் 9,000. சராசரியைப் பார்த்து மெஷின் வாங்கினால் செப்டம்பரில் அழ வேண்டியதுதான். உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு செப்டம்பர் இருக்கும். பள்ளிக்கூடம் என்றால் பரீட்சை மாதம், ஏற்றுமதி கம்பெனி என்றால் கப்பல் ஏற்றுகிற வாரம். அந்த உச்சத்தை எழுதி வையுங்கள்.

மெஷினின் விவரத்தாளில் ‘மாத டியூட்டி சைக்கிள்’ என்று ஓர் எண் இருக்கும். அது மெஷின் தாங்கக்கூடிய உச்ச வரம்பு; மாதா மாதம் அவ்வளவு ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை. ஹெச்பியின் லேசர்ஜெட் ப்ரோ எம்எஃப்பி எம்428 வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். டியூட்டி சைக்கிள் 80,000 பக்கம். அந்தக் கம்பெனியே பரிந்துரைக்கும் மாத அளவு 750 முதல் 4,000 வரைதான். நீங்கள் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது எண்.

அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏ4 மட்டும் போதுமா, லீகல் சைஸ் வேண்டுமா, ஏ3 வேண்டுமா? ஏ3 என்று போனதும் விலையும் மெஷின் உட்காரும் இடமும் பல மடங்கு கூடிவிடும். எங்களுக்கு மாதத்துக்கு ஐந்தாறு ஏ3 தாள்தான் வரும். எதிர்ச் சந்தில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பி எடுத்துக்கொள்கிறோம். லீகல் சைஸ் மட்டும் விட முடியாது. அதிலும் ஒரு பொறி உண்டு: பல ஏ4 மெஷின்களில் மேலே இருந்து தாள் இழுக்கும் பகுதி லீகல் அளவை ஏற்கும், மூடியைத் தூக்கினால் தெரியும் கண்ணாடி ஏ4 நீளத்தோடு நின்றுவிடும். பழைய கிரயப் பத்திரத்தைக் கண்ணாடியில் வைத்தால் கடைசி நாலு வரி வெளியே தொங்கும். கிழிந்த பத்திரத்தை இழுவையில் விடவும் முடியாது.

லேசரா, இங்க் டேங்கா

இதில் நான் அதிகம் குழம்புவதில்லை. கலர் நிறைய வேண்டும், தினமும் ஓடும், கரண்ட் செலவு குறைய வேண்டும் என்றால் தொட்டியில் மை ஊற்றி ஓட்டும் இங்க் டேங்க். கறுப்பு எழுத்துதான் முக்கியம், தாள் வருடக்கணக்கில் கோப்பில் இருக்க வேண்டும், சில வாரம் சும்மா கிடந்தாலும் மறுநாள் ஓட வேண்டும் என்றால் லேசர். டேங்க் மெஷினை ஓட்டாமல் வைத்தால் மை காய்ந்து, அதைத் தாளில் பீச்சும் ஹெட் அடைக்கும். மே மாதம் விடுமுறை விட்டுத் திரும்பி வருகிற பள்ளிக்கூட அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

டேங்க் மெஷின் பார்ப்பதாக இருந்தால் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு பக்கம் அடித்து, ஒரு நிமிடம் கழித்து, விரலைத் தண்ணீரில் நனைத்து எழுத்தின் மேல் இழுங்கள். டை வகை மை என்றால் கலங்கிவிடும், பிக்மென்ட் வகை தாக்குப்பிடிக்கும். பல டேங்க் மெஷின்களில் கறுப்பு பிக்மென்ட்டாகவும் கலர் டையாகவும் இருக்கும். கையெழுத்துப் போட்டுக் கூரியரில் மழைக்காலத்தில் போகிற தாளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

கலர் லேசரைப் பற்றி ஒரு வார்த்தை. நாலு டோனர், அவற்றின் விலை, இவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எங்கள் கூட்டலில் அது தேறவில்லை.

மஞ்சப்பைக்குள் என்ன இருக்க வேண்டும்

இதுதான் முக்கியமான கட்டம். கடையில் சோதனைக்கு வெள்ளை வெளேர் என்று புதுத் தாளையும், கம்பெனி கொடுத்த பளபளப்பான மாதிரிப் பக்கத்தையும்தான் வைத்திருப்பார்கள். அதில் எந்த மெஷினும் ஜெயிக்கும். நம் அலுவலகத்துக்கு வருகிற தாள் அப்படியா இருக்கிறது?

என் பையில் இருந்தவை: இரண்டு பக்கமும் அச்சான வங்கி விவரம் 30 தாள். ஸ்டேப்ளர் பின் பிடுங்கிய, மூலை மடங்கிய பில்கள் ஒரு கட்டு. கார்பன் வைத்து எழுதிய டெலிவரி சலான், ரோஸ் நிற மெல்லிய தாளில். மங்கிப்போன பெட்ரோல் பங்க் பில். நீல மையில் கையெழுத்தும் ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப்பும் உள்ள ஓர் ஒப்பந்தம். தடிமனான பைண்டிங் போட்ட பேரேடு ஒன்று. ஒரு பாஸ்புக். ஆதார் அட்டை (என்னுடையது, அடுத்தவருடையதை எடுத்துப் போகாதீர்கள், எடுத்த நகலை மெஷினிலிருந்து அழித்துவிட்டு வாருங்கள்). வாடிக்கையாளர்களின் தாள்களை நகல் எடுத்து, பெயரை மறைத்துத்தான் கொண்டுபோனேன்.

வங்கி விவரத்தை முதலில் மெஷினுக்குள் விடுங்கள். மேலே தாள் அடுக்கி இழுக்க விடும் பகுதிக்கு ஏடிஎஃப் என்று பெயர். அதில் மூன்று வகை. ஒரு பக்கம் மட்டும் படிப்பது ஒன்று. ஒரு பக்கம் படித்து, தாளை உள்ளேயே புரட்டி மறுபக்கம் படிப்பது இன்னொன்று. வேலை நடக்கும், ஆனால் நேரம் ஆகும், மடங்கிய தாள் புரளும்போது சிக்கும். தாள் ஒரு தரம் ஓடும்போதே இரண்டு பக்கத்தையும் படிப்பது மூன்றாவது. உள்ளே இரண்டு சென்சார் இருப்பதால் விலை கூட. ஸ்கேன்தான் பிழைப்பு என்றால் நான் மூன்றாவது வகைக்குத்தான் பணம் போடுவேன், அதற்காக அச்சு வேகத்தில் பத்துப் பக்கம் குறைந்தாலும் சரி. ‘டூப்ளெக்ஸ் ஸ்கேன் சிங்கிள் பாஸா?’ என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள். கேட்டுவிட்டு நம்பாமல், தாளை விட்டுப் பாருங்கள்.

அடுத்து மடங்கிய பில் கட்டு. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பது தாள் விட்டு இருபத்தொன்பது பக்கம் வந்தால் எந்தப் பில் விட்டுப்போனது என்று தேடுவதற்குள் அரை நாள் போய்விடும். மெல்லிய கார்பன் சலானை விவரத்தாளைப் பார்த்துவிட்டு விடுங்கள். பல ஏடிஎஃப்கள் 60 ஜிஎஸ்எம்முக்குக் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) கீழ் உள்ள தாளுக்கு உறுதி தருவதில்லை. நாம் பிரிண்டுக்கு வாங்கும் தாள் 70 அல்லது 75. சலான் தாள் அதைவிட மெலிது.

பேரேட்டைக் கண்ணாடியில் கவிழ்த்து எடுத்துப் பாருங்கள். நடு மடிப்பு கண்ணாடியைத் தொடாமல் கொஞ்சம் மேலே நிற்கும். சின்ன மெஷின்களில் இருப்பது பெரும்பாலும் சிஐஎஸ் வகை சென்சார். கண்ணாடியை ஒட்டினால்தான் அதற்குக் கண் தெரியும். மடிப்புப் பக்கத்து எழுத்து கலங்கிப்போகும். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி ஒன்றும் லென்ஸும் வைத்த சிசிடி வகை கொஞ்சம் தள்ளி இருப்பதையும் படிக்கும். பைண்டிங் புத்தகம் நிறைய வரும் வக்கீல் அலுவலகம், நூலகம் போன்றவர்களுக்கு இந்த ஒரு சோதனையே முடிவைச் சொல்லிவிடும். மூடியின் கீல் தூக்கிக் கொடுக்கிறதா என்றும் பாருங்கள். கீல் தூக்காத மூடிக்கு அடியில் தடிப் புத்தகத்தை வைத்து அழுத்தி, அந்தக் கீல் உடைந்த கதை எங்கள் அலுவலகத்திலேயே உண்டு.

ஊதா ஸ்டாம்ப்பும் நீலக் கையெழுத்தும் உள்ள தாளைக் கறுப்பு-வெள்ளை, கிரே, கலர் மூன்றிலும் எடுங்கள். கறுப்பு-வெள்ளையில் ஸ்டாம்ப் மாயமாகிவிடும் மெஷின்கள் உண்டு. எல்லாவற்றையும் கலரில் எடுக்கலாமே என்றால் கோப்பு வீங்கும். ஓர் ஏ4 பக்கம் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480-க்கு 3508 புள்ளி. கலரில் சுருக்காமல் வைத்தால் 26 எம்பி. அரசு இணையதளங்களில் ஒரு கோப்புக்கு 5 எம்பி என்ற மாதிரி வரம்பை அடிக்கடி பார்க்கிறோம். மெஷினே சுருக்கித் தருகிற பிடிஎஃப் எவ்வளவு வருகிறது, அதில் எழுத்து படிக்க முடிகிறதா என்பதைக் கடையில் வைத்தே பெரிதாக்கிப் பாருங்கள்.

ஆதார் அட்டைக்கு ‘ஐடி காப்பி’ பட்டன் இருக்கிறதா? முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் வரும். நம் ஊர் அலுவலகத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அழுத்துகிற பட்டன் அது. மெனுவுக்குள் நாலு அடுக்கு தள்ளி ஒளித்து வைத்திருந்தால் முன்மேஜையில் இருக்கும் அக்கா உங்களைத் திட்டுவார்.

புள்ளியும் எண்ணும்

ஸ்கேன் எடுத்தால் தாளில் உள்ளது அப்படியே வரும் என்று நம்புகிறோம். 2013இல் ஜெர்மனியில் டேவிட் க்ரீஸல் என்ற கணினியியலாளர் ஒரு கட்டட வரைபடத்தை ஜெராக்ஸ் வொர்க்சென்டர் மெஷினில் ஸ்கேன் எடுத்தபோது, மூன்று அறைகளின் பரப்பளவும் 14.13 சதுர மீட்டர் என்று வந்தது. அசலில் மூன்றும் வேறு வேறு எண்கள். மங்கலாக இல்லை, பளிச்சென்று, நேர்த்தியாக, தப்பாக இருந்தது. கோப்பைச் சுருக்குவதற்காக, ஒரே மாதிரித் தெரியும் வடிவங்களை ஒன்றாக எண்ணி, ஒரே படத்தை எல்லா இடத்திலும் ஒட்டும் ஜேபிக்2 என்ற முறையால் வந்த வினை. 6 இருந்த இடத்தில் 8 வந்த உதாரணங்களும் அவர் காட்டினார். ஜெராக்ஸ் நிறுவனம் பிறகு திருத்தம் வெளியிட்டது.

கணக்குப் பார்க்கும் எங்களுக்கு இதைவிடப் பெரிய பேய்க்கதை கிடையாது. அதனால் சின்ன எழுத்தில் எண்கள் நெருக்கமாக உள்ள ஒரு பட்டியலை, மெஷினின் மிகக் குறைந்த தரத்தில் எடுத்து, 6, 8, 3 எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அசலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம். கடைக்காரத் தம்பி விசித்திரமாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

தமிழுக்கு என்று ஒரு தனிச் சோதனை உண்டு. இதை எந்த விவரத்தாளிலும் பார்க்க முடியாது. எட்டுப் பாயின்ட் அளவில் தமிழ்ப் பத்திரம் ஒன்றை, டோனர் மிச்சப்படுத்தும் மோடைப் போட்டு அடியுங்கள். புள்ளி வருகிறதா? ‘விற்றார்’ என்பது ‘விறறார’ என்று வந்தால் ஆங்கிலத்தில் ஒரு கோடு மங்கியது போன்ற விஷயம் இல்லை, எழுத்தே மாறிவிட்டது. ஸ்கேனிலும் இதே கதை. பின்னணியைச் சுத்தம் செய்கிறேன், அழுக்கை நீக்குகிறேன் என்று சில மெஷின்களில் ஒரு வசதி தானாகவே போட்டிருக்கும். அதற்கு மெய்யெழுத்துப் புள்ளியும் தூசியும் ஒன்றுதான். துடைத்துவிடும். அந்த வசதியை நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள். 150, 200, 300 டிபிஐ மூன்றிலும் எடுத்து, எதிலிருந்து புள்ளி நிற்கிறது என்று குறித்துக்கொண்டால் பிறகு அலுவலகத்தில் அதையே நிலையான அளவாக வைத்துவிடலாம். எங்களுக்கு 300.

முத்திரைத்தாளில் அடிப்பவர்கள் அதே தடிமனில் ஒரு லெட்ஜர் தாளை எடுத்துப் போய், கைமுறைத் தட்டு வழியாக விட்டுப் பார்க்க வேண்டும். அந்தத் தாள் உள்ளே வளைந்து வளைந்து ஓடுகிறதா, பின்கதவைத் திறந்து நேராக வெளியே எடுக்கலாமா என்பதில்தான் விஷயம். வெறும் தாள் சிக்கினால் ஒரு ரூபாய். முத்திரைத்தாள் சிக்கினால்?

சிக்கினால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே செய்து காட்டச் சொல்லுங்கள். பின்னால் உள்ள கதவைத் திறந்தால்தான் தாளை உருவ முடியும் என்றால், சுவரை ஒட்டி வைக்க முடியாது என்று இப்போதே தெரிந்துவிடும்.

ஒரு பக்கத்துக்கு என்ன செலவு

மெஷின் விலையைக் கடைசியில் பாருங்கள். கணக்கு இப்படிப் போட வேண்டும்; எண்கள் உதாரணத்துக்கு, உங்கள் கடைக்காரர் சொல்லும் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் மெஷின் 16,000 ரூபாய். டோனர் 4,200 ரூபாய், 1,500 பக்கம் வரும். ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய் 80 காசு. இரண்டாவது மெஷின் 34,000 ரூபாய். டோனர் 5,400 ரூபாய், 6,000 பக்கம். அது 90 காசு. இதில் டோனரைத் தாளில் பதிக்கும் உருளையான ட்ரம் தனி: 9,000 ரூபாய், 30,000 பக்கம்; அது 30 காசு. ஆக 1 ரூபாய் 20 காசு. வித்தியாசம் பக்கத்துக்கு 1 ரூபாய் 60 காசு. மெஷின் விலையில் கூடக் கொடுத்த 18,000 ரூபாய் 11,250 பக்கத்தில் திரும்பி வந்துவிடும். எங்களைப் போல மாதம் 3,500 பக்கம் ஓட்டினால் மூன்றே கால் மாதம். மூன்று வருடத்தில் 1,26,000 பக்கம் ஓடும். வித்தியாசம் 2,01,600 ரூபாய். எங்கள் ஆடிட்டர் சாரிடம் இந்தத் தாளைக் காட்டியபோது மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

கணக்குப் போடும்போது ஏமாறுகிற இடங்கள் சில. டோனர் பெட்டியில் உள்ள பக்கக் கணக்கு, கறுப்பு டோனருக்கு ஐஎஸ்ஓ 19752, கலர் டோனருக்கு 19798, இங்க்குக்கு 24711 என்ற தரங்களின்படி அளந்தது. கறுப்பு டோனருக்கு அந்தச் சோதனைப் பக்கம் சுமார் 5 சதவீதம்தான் மையால் நிறைந்திருக்கும். கட்டம் போட்ட நம் ஜிஎஸ்டி அறிக்கையில் அதைவிட அதிகம் போகும். புது மெஷினோடு வரும் டோனர் பல மாடல்களில் முழு டோனர் இல்லை, ‘ஸ்டார்ட்டர்’. பாதியோ அதற்கும் குறைவோதான் இருக்கும். எத்தனை பக்கத்துக்கு என்று கேட்டு வாங்குங்கள். ட்ரம் டோனரோடு சேர்ந்ததா, தனியா என்பதும் அப்படித்தான். தனி ட்ரம் விலையைக் கேட்கும்வரை கடையில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

ரீஃபில் பற்றிப் பேசாமல் நம் ஊரில் இந்தப் பேச்சு முடியாது. ஹெச்பி எம்1005 என்ற மெஷினைப் பார்க்காத அலுவலகம் இருக்காது. நிமிடத்துக்கு 14 பக்கம், ஏடிஎஃப் கிடையாது, நெட்வொர்க் கிடையாது, யூஎஸ்பி ஒயர் மட்டும். ஆனாலும் அது இத்தனை வருடம் வாழ்ந்ததற்குக் காரணம், அதன் 2,000 பக்க 12ஏ டோனரைத் தெருமுனையில் யார் வேண்டுமானாலும் நிரப்பித் தர முடிந்ததுதான். இப்போது வரும் மெஷின்கள் அப்படி இல்லை. டோனரில் சிப் இருக்கிறது. வேறு கம்பெனி சிப் உள்ள டோனரைத் தடுக்கும் ‘டைனமிக் செக்யூரிட்டி’ ஏற்பாட்டை ஹெச்பி தன் பல மாடல்களில் வைத்திருக்கிறது. இன்று ஓடுகிற டோனர் மென்பொருள் அப்டேட்டுக்குப் பிறகு நாளை ஓடாமல் போகலாம் என்று கம்பெனியே சொல்கிறது. ரீஃபில் போட்டுத்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றால் அந்த மாடலை ரீஃபில் செய்பவரிடமே முதலில் கேளுங்கள். சென்னையில் என்றால் ரிச்சி தெருவில் ஒரு மணி நேரம் சுற்றினால் எந்த டோனர் கிடைக்கிறது, எது கிடைக்காது என்று கடைப் பலகைகளே சொல்லிவிடும்.

பிரிண்டருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். உங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்கினால் உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். ‘பில் இல்லாமல் ஆயிரம் குறைக்கிறேன்’ என்பவரிடம் வாரன்டியும் இருக்காது.

ஒயரும் வைஃபையும்

லேன் ஒயர் செருகும் துளை இருக்கட்டும். வைஃபை இருந்தாலும் இதை விடாதீர்கள். பல பிரிண்டர்களின் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் வேலை செய்யும். ரவுட்டரை மாற்றிய மறுநாள் காணாமல் போய்விடும். ஒயரைச் செருகி, ரவுட்டரில் அதற்கென்று ஒரு ஐபி முகவரியை ஒதுக்கிவிட்டால் மறந்துவிடலாம்.

வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிடிஎஃப்பை ஃபோனிலிருந்தே அடிக்க முடிகிறதா என்று உங்கள் ஃபோனில் பாருங்கள். ஆண்ட்ராய்டுக்கு மோப்ரியா, ஐஃபோனுக்கு ஏர்பிரிண்ட் என்று பெட்டியில் போட்டிருந்தால் தனி ஆப் தேவைப்படாது.

பழைய மாடலோ, ரீகண்டிஷன் மெஷினோ வாங்குகிறவர்களுக்கு இரண்டு சிக்கல் காத்திருக்கிறது. ஸ்கேன் எடுத்து நேராக மெயிலுக்கு அனுப்பும் வசதியில் ஜிமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் போட்டால் முன்பு ஓடியது. 2022 மே 30க்குப் பிறகு கூகுள் அந்த வழியை மூடிவிட்டது. இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, ‘ஆப் பாஸ்வேர்டு’ என்று தனியாக ஒன்று உருவாக்கி அதைத்தான் மெஷினில் போட வேண்டும். கம்ப்யூட்டர் ஃபோல்டருக்கு நேராக அனுப்புவதிலும் ஒரு தடை: பழைய மெஷின்களுக்குத் தெரிந்தது எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பு மட்டும். 2017இலிருந்து வரும் விண்டோஸ் 10 பதிப்புகளில் அது தானாக இருப்பதில்லை. பாதுகாப்பு ஓட்டை என்று எடுத்துவிட்டார்கள். மெஷினுக்காக அதைத் திரும்பப் போடச் சொல்லும் மெக்கானிக்கிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். எஸ்எம்பி 2 அல்லது 3 தெரிந்த மெஷினாகப் பாருங்கள்.

வாரன்டி, ஏஎம்சி, கழற்றிக் கொடுக்கும் நாள்

‘ஒரு வருட வாரன்டி சார்’ என்பது பாதிச் செய்தி. மெக்கானிக் நம் இடத்துக்கு வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? ஒரு வருடம் அல்லது இத்தனை பக்கம், எது முதலில் வருகிறதோ அதுவா? அந்தப் பக்க எண் உங்கள் ஓட்டத்தில் எந்த மாதம் முடியும் என்று வகுத்துப் பாருங்கள். சர்வீஸ் ஆள் உங்கள் ஊரிலேயே இருக்கிறாரா? ஒரு முறை நாங்கள் வாங்கிய மெஷினுக்கு ஆள் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்பது பழுதான அன்றுதான் தெரிந்தது. ஆறு நாள்.

அந்த மாடலை ஏற்கெனவே வைத்திருக்கும் ஓர் அலுவலகத்தின் நம்பரைக் கடைக்காரரிடம் கேளுங்கள். போய், மெஷின் எப்படி என்று கேட்காதீர்கள். எல்லோரும் பரவாயில்லை என்றுதான் சொல்வார்கள். கடைசியாக மெக்கானிக் எப்போது வந்தார், கூப்பிட்டு எத்தனை மணி நேரத்தில் வந்தார், என்ன மாற்றினார் என்று கேளுங்கள்.

ஏஎம்சி என்ற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் உதிரிப் பாகம் சேர்ந்ததா, வெறும் கூலி மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். பெரிய மெஷின்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு காசு என்று டோனர், பாகம், கூலி எல்லாம் சேர்த்து ஒப்பந்தம் போடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாதம் குறைந்தது இத்தனை பக்கத்துக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும் என்ற வரி எங்கோ இருக்கும். வாடகை மெஷினிலும் அதே வரி. உங்கள் மந்தமான மாதத்தின் எண்ணை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மெஷினுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்று பெரிய மாடல்களில் கட்டாயம் கேட்க வேண்டும். அமெரிக்காவில் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்த காப்பியர்களை உள்ளே இருந்த டிஸ்க்கை அழிக்காமல் திருப்பிக் கொடுத்தது. அதில் நோயாளிகளின் விவரம் இருந்தது. 2013இல் 12,15,780 டாலர் கட்டித்தான் அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டது. நாம் எடுக்கும் ஆதாரும் பான் கார்டும் சம்பளப் பட்டியலும் அதே மாதிரிதான் உள்ளே உட்கார்ந்திருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது அழித்துத் தருவது யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

வந்து இறங்கிய நாள்

லேசர் மெஷினை யூபிஎஸ்ஸில் செருகாதீர்கள். டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃப்யூசர் 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக வேண்டும். அது சூடேறும் கணத்தில் கரண்ட் இழுவை ஒரு கிலோவாட்டைத் தாண்டும். சாதாரண 600 விஏ யூபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். கம்ப்யூட்டரும் சேர்ந்து அணையும். நேராகச் சுவர் பிளக், நல்ல எர்த்.

பேப்பர் கட்டைத் தரையில் வைக்காதீர்கள், பிரித்த ரீமை உறையை மடக்கி வையுங்கள். ஐப்பசி மழையில் ஈரம் குடித்த தாள் வளைந்து சிக்கும். மெஷின் மேல் பழி விழும். கரூர் மாவட்டத்தில் கரும்புச் சக்கையிலிருந்து டிஎன்பிஎல் காகித ஆலை செய்கிற காப்பியர் தாளைத்தான் நாங்கள் வாங்குகிறோம். குறை ஒன்றும் இல்லை.

இறங்கிய அன்றே மஞ்சப்பையை மறுபடி எடுங்கள். கடையில் ஓட்டியது வேறு மெஷின், இது உங்கள் மெஷின். எல்லாத் தாளையும் ஒரு சுற்று விட்டுப் பார்த்த பிறகு டெலிவரி சலானில் கையெழுத்துப் போடுங்கள். கம்பெனி போட்டு அனுப்பிய அட்மின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, அப்புறம் ஒரு சீட்டு எழுதி மூடியின் பக்கவாட்டில் ஒட்டுங்கள். எங்கள் மெஷினில் உள்ள சீட்டில் ஐந்து வரி: வாங்கிய தேதி, அன்றைய பக்க எண்ணிக்கை 14, டோனர் நம்பர், மெக்கானிக்கின் ஃபோன், கடைசியாகச் சிவப்பு மையில் ‘ஸ்கேன் 300, பின்னை எடுத்துவிட்டுப் போடவும்’.